கப்பலில் முதல் மூன்று நாட்கள்

நர்சிங் முடித்த நம் சபை வாலிபர்கள் இரண்டு மூன்று பேர் இந்த ஆண்டு ஒரே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள்: "அக்கா, கப்பல் வேலைக்குப் போகலாமா?" விளம்பரப் படத்தில் நீச்சல் குளமும் நீலக் கடலும் இருக்கும். உல்லாசக் கப்பலின் மருத்துவப் பிரிவில் வேலை பார்த்த எங்களுக்கு முதலில் தெரிந்தது கீழ்த்தளம்தான். போவதா வேண்டாமா என்பதை நீங்களும் உங்கள் பெற்றோரும் முடிவு செய்யுங்கள். ஏறிய முதல் சில நாட்கள் எப்படி இருக்கும் என்று மட்டும் சொல்கிறோம்.

பெட்டியைப் பிரிக்கும் முன்பே ஒத்திகை. ஏழு குறுகிய ஒலி, பிறகு ஒரு நீண்ட ஒலி கேட்டால் அவரவர் தமக்குக் குறித்த இடத்துக்குப் போய் நிற்க வேண்டும். பயணிகளில் சிலர் முணுமுணுப்பார்கள். 2012 ஜனவரி 13 அன்று கோஸ்டா கான்கார்டியா கப்பல் இத்தாலியின் ஜில்யோ தீவருகே பாறையில் மோதி 32 பேர் இறந்தார்கள். அன்றுதான் ஏறிய பயணிகள் பலருக்கு ஒத்திகை நடந்திருக்கவில்லை. 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்பதே அப்போதைய விதி. 2015 முதல், கப்பல் புறப்படும் முன்போ புறப்பட்டவுடனோ நடத்தியாக வேண்டும். எனவே முணுமுணுக்காமல் நில்லுங்கள்.

முதல் இரவு வாந்தியின் இரவு. உள்காது "ஆடுகிறாய்" என்கிறது; கண்ணோ கேபின் சுவரைப் பார்த்து "அசையவில்லை" என்கிறது. இந்தச் சண்டையில் வயிறு மாட்டிக்கொள்கிறது. மேல்தளத்துக்கு வந்து தொடுவானத்தைப் பாருங்கள். பாதித் தொல்லை குறையும். ஆட்டம் குறைவு என்பதால்தான் மருத்துவ அறையையே பெரும்பாலும் கப்பலின் நடுவில், கீழ்த்தளத்தில் வைக்கிறார்கள். வெறும் வயிற்றோடு இருக்க வேண்டாம். உப்பு பிஸ்கட்டும் பச்சை ஆப்பிளும் கப்பல்காரர்களின் பழைய கைமருந்து. நம் இஞ்சி மிட்டாயும் சோடை போகாது. மாத்திரை போடுவதாக இருந்தால் குமட்டல் தொடங்கும் முன்பே போட வேண்டும். பெரும்பாலானவர்களுக்கு இரண்டு மூன்று நாளில் உடம்பு பழகிவிடும்.

மூன்றாம் நாள் வருவது வேறு வகை. ஒருமுறை சமையற்கட்டில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர், கன்னியாகுமரிப் பக்கத்துப் பையன், தலைவலி மாத்திரை கேட்டு வந்தார். முகம் வெளுத்து, உதடு காய்ந்திருந்தது. வயிறு எப்படி என்று கேட்டோம். "ஒண்ணும் இல்லக்கா, சாப்பாடு ஒத்துக்கல" என்றார். தமிழில் கேட்டதால்தான் அதையாவது சொன்னார். காலையிலிருந்து ஐந்து முறை போயிருக்கிறது.

நோரோ வைரஸ் கப்பலில் பரவ மிகச் சிறிய அளவு கிருமியே போதும். ஆல்கஹால் ஜெல் அதற்குச் சரியாகப் பலிக்காது. சோப்பும் தண்ணீரும் கொண்டு 20 விநாடி தேய்த்துக் கழுவ வேண்டும். அமெரிக்கத் துறைமுகங்களுக்கு வரும் கப்பல்களின் விதிப்படி, உணவைக் கையாளுபவர் நோய்க்குறி நின்ற பிறகும் 48 மணி நேரம் வேலைக்குத் திரும்பக் கூடாது. அந்தத் தம்பி பயந்தது இதற்குத்தான். ஊரில் ஏஜென்டுக்குக் கொடுக்க வட்டிக்குப் பணம் வாங்கியிருந்தார். மூன்றாம் நாளே படுத்தால் சம்பளம் போகும், அனுப்பிவிடுவார்கள் என்று நினைத்தார்.

கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை, 2006 என்று ஒன்று இருக்கிறது. 2013 முதல் நடைமுறையில் உள்ளது. அதன்படி கப்பலில் நோயுற்ற ஊழியருக்கு மருத்துவம் இலவசம். கப்பலில் இருக்கும்வரை முழுச் சம்பளமும் உண்டு. வேலை வாங்கித் தருவதற்காக ஏஜென்ட் ஊழியரிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்றும் அதில் இருக்கிறது. அந்தப் பிரதி கப்பலிலேயே இருக்க வேண்டும். "எழுத்துல இருக்காக்கா?" என்று கேட்டார். எடுத்துக் காட்டினோம். அவரே வரிக்கு வரி விரல் வைத்துப் படித்தார். பிறகுதான் கேபினில் அடங்கி இருக்கச் சம்மதித்தார். மறுநாள் அவருடைய கேபின் தோழர் தானாகவே வந்து தனக்கும் வயிறு சரியில்லை என்றார். அன்று எங்களுக்குக் கிடைத்த நல்ல செய்தி அதுதான்.

மற்றவை சிறு சங்கடங்கள். ஊழியர் கேபினுக்குப் பெரும்பாலும் சன்னல் கிடையாது. விளக்கை அணைத்தால் நடுப்பகலும் நள்ளிரவும் ஒன்றுதான். கிழக்கே போகும்போது கடிகாரத்தை முன்னே தள்ளுவார்கள், தூக்கத்தில் ஒரு மணி நேரம் போய்விடும். இன்சுலின் போடும் பயணிகள் இதில் குழம்பிப் போவார்கள். தாத்தா பாட்டியைக் கப்பலில் அழைத்துப் போகிறவர்கள் ஊசி நேரத்தை மருத்துவரிடம் முன்பே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மருந்தைப் பெரிய பெட்டியில் போடாதீர்கள். அது கேபினுக்கு வந்து சேரச் சில மணி நேரம் ஆகும்.

ஞாயிறு என்று தனியாக ஒன்று இல்லை. வாரம் ஏழு நாளும் வேலை. 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேர ஓய்வு என்பது சட்டம். இரவுப் பணி முடிந்து நள்ளிரவுக்குப் பக்கத்தில் பிலிப்பைன்ஸ் ஊழியர்கள் மெஸ்ஸில் கூடிப் பாடுவார்கள். நாங்களும் சீருடையோடு போய் உட்கார்ந்திருக்கிறோம்.

போவதென்று தீர்மானித்தால், முதலில் அவசரப் பிரிவிலோ தீவிர சிகிச்சைப் பிரிவிலோ சில ஆண்டுகள் வேலை பாருங்கள். பெரும்பாலான கப்பல் நிறுவனங்கள் அதைக் கேட்கின்றன. தீயணைப்பு, உயிர்காப்புப் பயிற்சிகளும் வேண்டும். ஒப்பந்தத்தைக் கையெழுத்துக்கு முன் வீட்டில் ஒருவரோடு உட்கார்ந்து முழுதாகப் படியுங்கள். யாராவது வேலைக்காகப் பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.