புது விண்டோஸ் போட்டதும் பழைய பில் சாப்ட்வேர் 'மக்கர்': காரணம் என்ன?

சிவகாசி:

விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்ட் கொடுத்து வந்த வழக்கமான பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14-ந் தேதியோடு நின்றது. அதன்பிறகு அச்சகம், டி.டி.பி. சென்டர், மொத்த கடை என பலரும் விண்டோஸ் 11-க்கு மாறி வருகிறார்கள். மாறின மறுநாளே சிலருக்கு தலைவலி ஆரம்பம். 20 வருஷமா பில் போட்ட சாப்ட்வேர் திறக்கவே மாட்டேங்குது.

இங்கே எனக்கு தெரிந்த ஒரு அச்சகத்திலும் இதே கதைதான். பழைய கம்ப்யூட்டரை எக்சேஞ்சில் கொடுத்துவிட்டு புதுசு வாங்கினார்கள். கணக்கு புரோகிராம் டாஸ் காலத்தில் பாக்ஸ்புரோவில் எழுதியது. எழுதிக் கொடுத்தவர் இப்போது எங்கே இருக்கிறார் என்றே தெரியவில்லை. காலண்டர் சீசன் வேறு. யார் யார் எவ்வளவு பாக்கி என்று பார்க்க வழியில்லாமல் முதலாளி கையால் பில் எழுதிக்கொண்டு இருந்தார்.

கோளாறு புரோகிராமில் இல்லை. டாஸ் புரோகிராம்களும், விண்டோஸ் 3.1 காலத்து புரோகிராம்களும் 16 பிட் ரகம். 32 பிட் விண்டோஸ் இவற்றை ஓட்டும். 64 பிட் விண்டோஸ் ஓட்டாது. விண்டோஸ் 11-ல் 32 பிட் பதிப்பே கிடையாது. இதில் இன்னொரு கூத்து, புரோகிராம் 32 பிட்டாக இருந்தாலும் அதன் செட்அப் பைல் 16 பிட்டாக இருக்கலாம். அப்போ இன்ஸ்டால் ஆகும்போதே நின்றுவிடும்.

புரோகிராம் 32 பிட் என்றால் கவலை குறைவு. அதன் ஐகானில் ரைட் கிளிக் செய்து, பிராப்பர்ட்டீசில் 'கம்பாட்டிபிலிட்டி' பகுதிக்கு போய் விண்டோஸ் எக்ஸ்பி என்று தேர்வு செய்தால் பல புரோகிராம்கள் ஓடிவிடும்.

ஆனால் ஒன்று, கணக்கு எங்கே சேவ் ஆகிறது என்று கட்டாயம் பாருங்க. பழைய சாப்ட்வேர்கள் 'புரோகிராம் பைல்ஸ்' போல்டருக்குள்ளேயே எழுதும். விஸ்டாவில் இருந்து அதற்கு தடை. விண்டோஸ் சத்தமில்லாமல் அந்த பைலை 'விர்ச்சுவல் ஸ்டோர்' என்ற போல்டருக்கு தள்ளிவிடும். அது இருப்பது யூசர் போல்டருக்குள், 'ஆப்டேட்டா' என்ற மறைவான இடத்தில். பழைய போல்டரை மட்டும் பென்டிரைவில் பேக்கப் எடுத்தால் புது பில் ஒன்றுகூட அதில் இருக்காது. சாப்ட்வேரை 'டி' டிரைவில் தனி போல்டர் போட்டு இன்ஸ்டால் செய்வது நல்லது.

16 பிட்டுக்கு இரண்டு வழி. ஒன்று, டாஸ்பாக்ஸ் என்ற இலவச சாப்ட்வேர். இது பழைய கேம்களுக்காக உருவானது. அதனால் கணக்கு சரியாக வருகிறதா என்று சில நாள் நோட்டோடு ஒத்துப் பார்க்கணும். அடுத்தது விர்ச்சுவல்பாக்ஸ். கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டர் மாதிரி. ஒரிஜினல் சி.டி.யும் கீயும் இருந்தால் அதில் எக்ஸ்பி போட்டுக்கொள்ளலாம். எக்ஸ்பிக்கு ஆதரவு 2014 ஏப்ரலிலேயே முடிந்ததால் அதற்கு நெட் கனெக்‌ஷன் மட்டும் கொடுக்காதீங்க.

அந்த அச்சகத்தில் நல்லவேளையாக பழைய ஹார்டு டிஸ்க்கை கழற்றி டிராயரில் வைத்திருந்தார்கள். அதிலிருந்து போல்டரை அப்படியே காப்பி செய்து டாஸ்பாக்சில் திறந்ததும் பாக்கி லிஸ்ட் வந்துவிட்டது. பில் பிரிண்ட் எடுக்கத்தான் மேலும் ஒரு வாரம் ஆனது. பழைய டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் கேபிளை சொருக புது கம்ப்யூட்டரில் இடமே இல்லை!