முகம் பார்க்கும் தரையில் பாட்டி எப்படி நடப்பார்?

தரையில் முகம் தெரிந்தால்தான் புது வீடு கட்டுகிறவர்களுக்குத் திருப்தி. டைல்ஸ் கடையில் 'கிளாஸி ஃபினிஷ்' என்றதுமே பாதி வியாபாரம் முடிந்துவிடுகிறது.

இந்த மோகம் பழையதுதான். காரைக்குடி அருகே ஆத்தங்குடியில் இன்றும் கையாலேயே கல் வார்க்கிறார்கள். கண்ணாடிப் பலகைமேல் இரும்புச் சட்டம். அதற்குள் பூ அச்சு. அச்சின் ஒவ்வொரு கண்ணிலும் வண்ணச் சிமென்ட்டை ஊற்றி, அச்சைத் தூக்கிவிட்டு, மேலே மணலும் சிமென்ட்டும் நிரப்பி மட்டம் தட்டுகிறார்கள். சூளையே கிடையாது. தண்ணீரில் ஊறி இறுகியபின் கண்ணாடி கழன்று வரும்போது, அதன் வழவழப்பு கல்லில் இறங்கியிருக்கும். மிதிக்க மிதிக்க மெருகு கூடும் என்பார்கள்.

ஆனால் அந்தக் கல் முகப்பிலும் கூடத்திலும் கிடந்தது. இன்று நாம் பளபளப்பைப் பாத்ரூமுக்குள் கொண்டுபோய் விட்டோம். என் கவலையெல்லாம் இதில்தான்.

விட்ரிஃபைட் டைல்ஸ் ஏறக்குறைய 1,200 டிகிரி செல்சியஸில் வேகிறது. தன் எடையில் 0.5 சதவீதத் தண்ணீரைக்கூட அது உறிஞ்சாது. சிந்திய தண்ணீர் மேலேயே படலமாக நிற்கும். சோப்பும் சேர்ந்தால் பாதத்துக்குப் பிடிமானமே இருக்காது. உலக அளவில் கீழே விழுவதால் ஆண்டுக்குச் சுமார் 6,84,000 பேர் இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அதிகம் பலியாவது 60 வயதைத் தாண்டியவர்கள். இடுப்பெலும்பு முறிந்து படுத்தவர்களில் பலர் பழையபடி நடப்பதில்லை.

பளபளப்பு டைல்ஸ் துடைக்கச் சுலபம், சின்ன அறையும் வெளிச்சமாகத் தெரியும் என்பார்கள். உண்மைதான், சுவருக்கு அதையே ஒட்டிக்கொள்ளட்டும்.

தரைக்குப் பளபளக்காத மேட் ஃபினிஷ் கேளுங்கள். வழுக்காத தன்மையை ஆர்9 முதல் ஆர்13 வரை தரம் பிரிக்கிறார்கள். எண் ஏற ஏறப் பிடிமானம் கூடும். பாத்ரூமுக்கு ஆர்10, ஆர்11 பாருங்கள். கடையிலேயே மாதிரி டைல்ஸில் தண்ணீர் விட்டு வெறுங்காலால் தேய்த்துப் பார்க்கக் கூச்சப்படாதீர்கள். வாட்டம் சரியாக இருக்கிறதா என்று கொத்தனார் கிளம்புவதற்குள் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டிப் பார்த்துவிடுங்கள்.

ஏற்கெனவே கிளாஸி போட்டுவிட்டவர்கள் அடியில் பிடிப்புள்ள ரப்பர் விரிப்பு போடலாம். கழிப்பறை இருக்கை அருகிலும் குழாய் அருகிலும் சுவரில் ஆழமாகத் திருகிய கைப்பிடி வேண்டும். துண்டு மாட்டும் கம்பி போதும் என்று விட்டுவிடாதீர்கள். விழப்போகிற ஆளின் கனத்தை அது தாங்காது.