சிறு துளி... பெருஞ்செலவு! (கார் கூலன்ட் ஹோஸை வீட்டிலேயே மாற்றுவது எப்படி?)

"சிறு துளி பெரு வெள்ளம்" என்று சேமிப்பைப் பற்றிப் பெரியவர்கள் சொன்னார்கள். ஆட்டோமொபைல் பிரிவு மாணவர்களான எங்களைக் கேட்டால் "சிறு துளி பெருஞ்செலவு" என்றுதான் சொல்வோம். காரை எடுத்த பிறகு தரையில் பச்சையாகவோ சிவப்பாகவோ நாலு சொட்டு கிடக்கும். "கொஞ்சம்தானே ஒழுகுது, தண்ணி ஊத்திக்கிட்டாப் போச்சு" என்று ஓனர் கிளம்பி விடுவார். அந்த நாலு சொட்டுதான் ஒரு நாள் நடுரோட்டில் புகையாகக் கிளம்பி, சிலிண்டர் ஹெட்டையே கழற்ற வைக்கும். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறுகிற வழியில் பானட்டைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்கும் வண்டிகளைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

இத்தனைக்கும் குற்றவாளி பெரும்பாலும் ஒரு முழ நீளம்கூட இல்லாத ரப்பர் குழாய்தான். அதை மாற்றப் பெரிய ஒர்க்‌ஷாப் வேண்டியதில்லை; வீட்டு வாசல் போதும். ஹோஸை மாட்டுவது இந்த வேலையில் கால் பங்குதான். மாட்டுவதற்கு முன்னால் ஆற விடும் பொறுமையும், மாட்டிய பின் காற்றை வெளியேற்றும் பொறுமையும்தான் மீதி முக்கால் பங்கு. அதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். சிவில், எலக்ட்ரானிக்ஸ் நண்பர்களும் தாராளமாகப் படிக்கலாம். உங்கள் வீட்டிலும் கார் இருக்கும்!

உதாரணத்துக்கு நாம் எல்லோரும் அறிந்த மாருதி 800-ஐ எடுத்துக்கொள்வோம். 1983 டிசம்பரில் சாலைக்கு வந்து, 2014 ஜனவரியில் உற்பத்தி நின்றுபோன வண்டி. ஆனாலும் இன்றும் நம் ஊர்களில் ஓடிக்கொண்டிருக்கிறது. பானட்டைத் திறந்தால் எல்லாம் கண்ணுக்குத் தெரியும் என்பதால் கைப்பழக்கத்துக்கு ஏற்ற வண்டி.

தண்ணீர் போகும் பாதை

எஞ்சினைச் சுற்றிச் சூடான கூலன்ட், தெர்மோஸ்டாட் வழியாக மேல் ஹோஸில் புகுந்து ரேடியேட்டருக்குப் போகிறது. அங்கே காற்றுப்பட்டு ஆறி, கீழ் ஹோஸ் வழியாக வாட்டர் பம்புக்குத் திரும்புகிறது. இவை தவிர ஹீட்டருக்குப் போகும் மெல்லிய ஹோஸ்கள் உண்டு. எஞ்சின் ஓடும்போது ஆடும். ரேடியேட்டரோ பாடியோடு இறுக்கமாக நிற்கும். இரண்டுக்கும் நடுவே வளைந்து கொடுக்கத்தான் ரப்பர்.

ரேடியேட்டர் மூடியை வெறும் மூடி என்று நினைக்கக் கூடாது. அது ஒரு வால்வு. மூடியின் தலையில் 0.9 என்றோ 1.1 என்றோ எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது உள்ளே எவ்வளவு அழுத்தம் நிற்கலாம் என்ற கணக்கு. 0.9 மூடி உள்ள ரேடியேட்டரில் வெறும் தண்ணீர்கூட 100 டிகிரியில் கொதிக்காது; ஏறக்குறைய 118 டிகிரி வரை தாங்கும். ஹோஸில் ஓட்டை விழுந்தால் கூலன்ட் மட்டும் போவதில்லை, இந்த அழுத்தமும் போய்விடுகிறது. அழுத்தம் போனால் கொதிநிலை இறங்குகிறது. எனவே, பாதி கூலன்ட் உள்ளே இருக்கும்போதே அது கொதிக்க ஆரம்பித்து விடுகிறது.

அப்புறம் என்ன நடக்கும்? பல கார்களில் பிளாக் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம். சூட்டில் அலுமினியம் இரும்பைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். அளவுக்கு மீறிச் சூடானால் ஹெட் வளையும், கேஸ்கெட் போகும். பிறகு ஹெட்டை இறக்கு, லேத்துக்கு அனுப்பு, ஃபேசிங் பண்ணு என்று செலவு எங்கேயோ போய் நிற்கும்.

லீக் எங்கே? ஏன்?

முதலில் கீழே கிடப்பது கூலன்ட்தானா என்று பாருங்கள். ஏ.சி. போட்ட வண்டியில் நிறமில்லாத சுத்தமான தண்ணீர் சொட்டுவது இயல்பு. கூலன்ட் நிறமாக இருக்கும், தொட்டால் வழவழவென்று இருக்கும். வாயில் வைத்துப் பார்க்காதீர்கள், அது விஷம்!

வண்டி ஆறியிருக்கும்போது ஹோஸ் முழுவதையும் விரலால் அமுக்கிப் பாருங்கள். நல்ல ஹோஸ் கெட்டியாகவும் வளைந்து கொடுப்பதாகவும் இருக்கும். நொறுநொறுவென்று சத்தம் வந்தால் ரப்பர் காய்ந்துவிட்டது. ஓரிடத்தில் மட்டும் கொழகொழவென்று இருந்தால் எஞ்சின் ஆயில் பட்டு ஊறியிருக்கிறது. இந்த ஹோஸ்களில் பெரும்பாலானவை ஈ.பி.டி.எம். என்ற ரப்பர் வகை. அது வெந்நீரைத் தாங்கும், ஆயிலைத் தாங்காது. கிளிப் அருகே வெள்ளையாகவோ பச்சையாகவோ உப்புப் பூத்திருந்தால் அங்கே நெடுநாளாகக் கசிகிறது என்று பொருள்.

வெளியே பளபளப்பாக இருக்கிற ஹோஸும் ஏமாற்றும். கூலன்ட், உலோகக் கழுத்து, ரப்பர் மூன்றும் சேர்ந்து ஒரு சின்ன பேட்டரி போல வேலை செய்வதால், உட்புறத்தில் மெல்லிய கீறல்கள் விழுகின்றன. அவை அதிகமாக விழுவது ஹோஸின் முனைகளுக்கு அருகில். ஆகவே முனைப் பகுதியை விரல்களுக்கு நடுவே வைத்து நன்றாக அமுக்கிப் பாருங்கள். நடுப்பகுதியைவிட அது மென்மையாகத் தெரிந்தால் அந்த ஹோஸின் ஆயுள் முடிந்தது.

தேவையானவை

வண்டி மாடலுக்கான புது ஹோஸ், இரண்டு புது கிளிப்கள், ஸ்க்ரூ டிரைவர், பிளேயர், பிளேடு, நைஸ் எமரி ஷீட், ஒரு பிளாஸ்டிக் டப், பனியன் வேஸ்ட், கூலன்ட், டிஸ்டில்டு வாட்டர். ஹோஸ் வாங்கும்போது பழையதின் வளைவோடு ஒப்பிட்டு வாங்குங்கள். "நேரா இருக்கிற ஹோஸ்தான் இருக்கு, வளைச்சு மாட்டிக்கலாம்" என்று கடையில் சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். வளைத்தால் நடுவில் மடிந்து பாதை அடைபடும்.

செய்முறை

1. ஆற விடுங்கள். இதுதான் முதல் விதி. எஞ்சினை நிறுத்திக் குறைந்தது ஒரு மணி நேரமாவது ஆகட்டும். இரவு முழுக்க விட்டுக் காலையில் செய்தால் இன்னும் நல்லது. மேல் ஹோஸைத் தொட்டால் கை சுடக் கூடாது, அமுக்கினால் உள்ளே அழுத்தம் தெரியக் கூடாது.

ஏன் இவ்வளவு வற்புறுத்தல்? தெர்மல் பாடத்தில் படித்ததைக் கொண்டு ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். உள்ளே 4 லிட்டர் தண்ணீர் 110 டிகிரியில் இருக்கிறது. மூடியைத் திறந்ததும் அழுத்தம் போய் 100 டிகிரிக்கு இறங்கியாக வேண்டும். அந்த 10 டிகிரி வெப்பம், தண்ணீரில் ஏறக்குறைய 2 சதவீதத்தை ஆவியாக்கும். அதாவது சுமார் 75 மில்லி. முக்கால் டம்ளர்கூட இல்லை. ஆனால் 1 லிட்டர் தண்ணீர் ஆவியானால் சுமார் 1,670 லிட்டர் இடம் பிடிக்கும். அப்படியானால் 75 மில்லி, 125 லிட்டர் ஆவி! சுமார் எட்டுக் குடம். அத்தனையும் ஒரே ஒரு சின்ன வாய் வழியாக, கொதிநீரையும் தள்ளிக்கொண்டு, குனிந்து பார்ப்பவர் முகத்துக்குத்தான் வரும். துணியைப் போட்டு மெதுவாகத் திறந்தாலும் கணக்கு மாறாது. சூட்டில் திறக்கவே கூடாது.

2. சமதரையில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கல் வையுங்கள். பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றி விடுங்கள். சில கார்களில் சாவியை எடுத்த பிறகும் ரேடியேட்டர் ஃபேன் திடீரென்று சுழலும். உள்ளே இருப்பது நம் விரல்.

3. மூடியைத் திறந்து, அடியில் டப்பை வைத்து, ரேடியேட்டரின் கீழே உள்ள டிரெய்ன் காக்கைத் திருகி கூலன்ட்டை இறக்குங்கள். காக் திரும்ப மறுத்தால் முரண்டு பிடிக்காதீர்கள், பழைய பிளாஸ்டிக் உடைந்துவிடும். கீழ் ஹோஸைக் கழற்றியும் இறக்கலாம். பெரும்பாலான கூலன்ட்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருக்கும். ஆனால் சிறுநீரகத்தைக் கெடுக்கும் நஞ்சு. குழந்தைகள், நாய், ஆடு, கோழி எதுவும் பக்கத்தில் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். இறக்கியதை மூடி போட்ட கேனில் ஊற்றி வையுங்கள். செடிக்கோ சாக்கடைக்கோ கிணற்றடிக்கோ வேண்டாம்.

4. கிளிப்பைத் தளர்த்தி ஹோஸின் நடுப்பக்கம் தள்ளுங்கள். ஹோஸ் ஒட்டிக்கொண்டு வர மறுக்கும். ஸ்க்ரூ டிரைவரை உள்ளே விட்டு நெம்பினால் ரேடியேட்டர் கழுத்து உடையும். ஹோஸ் மாற்ற வந்தவர் ரேடியேட்டர் வாங்கப் போக வேண்டியிருக்கும். மெதுவாக இடமும் வலமுமாகத் திருகிப் பாருங்கள். வரவில்லையா? எப்படியும் பழைய ஹோஸ்தானே, பிளேடால் நீளவாக்கில் கீறி உரித்து எடுங்கள். பிளேடு உலோகத்தைக் கீறாமல் இருக்கட்டும்.

5. கழுத்தில் படிந்த உப்பையும் துருவையும் எமரி ஷீட்டால் லேசாகத் தேய்த்துத் துடையுங்கள். பலரும் தாண்டிப் போகிற இடம் இது. புது ஹோஸ் போட்டும் ஒழுகுகிறது என்றால் பாதி சமயம் காரணம் இந்த அழுக்குதான். கழுத்தே குழி குழியாக அரித்திருந்தால் எந்த ஹோஸ் போட்டாலும் நிற்காது. அதை மாற்றத்தான் வேண்டும்.

6. கிளிப் இரண்டையும் முதலில் ஹோஸில் கோர்த்துக்கொள்ளுங்கள். சுலபமாக ஏறட்டும் என்று கிரீஸ், ஆயில் தடவாதீர்கள். கொஞ்சம் கூலன்ட்டோ சோப்புத் தண்ணீரோ போதும். கழுத்தில் மேடாக ஒரு வளையம் இருக்கும். ஹோஸ் அதைத் தாண்டி முழுவதும் ஏற வேண்டும். கிளிப் அந்த மேட்டுக்கு அந்தப் பக்கம், அதாவது குழாய்ப் பக்கம், உட்கார வேண்டும். மேட்டின் மீதே உட்கார்ந்தால் நழுவும்; ஹோஸின் விளிம்பில் உட்கார்ந்தால் பிடிக்காது. ரப்பர் கிளிப்பின் பள்ளங்களில் பிதுங்கும் அளவுக்கு முறுக்கவும் கூடாது. அது ஹோஸை அறுக்கும்.

7. காக்கை மூடி, கூலன்ட்டையும் டிஸ்டில்டு வாட்டரையும் கம்பெனி சொன்ன விகிதத்தில், பொதுவாகப் பாதிக்குப் பாதி, கலந்து மெதுவாக ஊற்றுங்கள். போர் தண்ணீர் வேண்டாம். வீட்டுப் பாத்திரத்தில் படிகிற அதே உப்பு எஞ்சினுக்குள்ளும் படியும். வெவ்வேறு வகைக் கூலன்ட்களை ஒன்றாகக் கலக்கவும் வேண்டாம்.

8. இப்போது இரண்டாவது பொறுமை. உள்ளே காற்று சிக்கியிருக்கும். பேட்டரி ஒயரை மாட்டி, ஹீட்டர் இருந்தால் முழுச் சூட்டில் வைத்து, மூடி திறந்தபடியே ஆறிய எஞ்சினை ஸ்டார்ட் செய்து ஐட்லிங்கில் விடுங்கள். முகத்தைத் தள்ளியே வையுங்கள். குமிழிகள் வரும், மட்டம் இறங்கும், கலவையை ஊற்றிக்கொண்டே இருங்கள். தெர்மோஸ்டாட் திறந்ததும் அதுவரை குளிர்ந்திருந்த மேல் ஹோஸ் சட்டென்று சூடாகும். மட்டத்தை நிரப்பி உடனே மூடியைப் போடுங்கள். ரிசர்வ் டேங்கில் குறிப்பிட்ட கோடு வரை ஊற்றுங்கள். பிறகு ஃபேன் ஓடுகிறதா என்று பாருங்கள்.

காற்று இருந்தால் என்ன கெட்டுவிடும் என்று கேட்கலாம். தண்ணீரில் மூழ்கியிருக்க வேண்டிய சென்சார் காற்றில் நின்றால் டெம்பரேச்சர் மீட்டர் பொய் சொல்லும். முள் கீழேயே நிற்கும், எஞ்சின் வெந்துகொண்டிருக்கும்!

9. ஒரு சிறு ஓட்டம் ஓட்டி, ஆற விட்டு, கிளிப்களைத் தொட்டுப் பாருங்கள். புது ரப்பர் கொஞ்சம் அமுங்கியிருக்கும். தேவையானால் கால் சுற்று முறுக்குங்கள். மறுநாள் காலையில் மட்டத்தைப் பாருங்கள். அப்போதுதான் வேலை முடிந்தது.

வைவாவில் கேட்டால்...

ஆறிய பிறகு மேல் ஹோஸ் சப்பிப் போவதேன்? மூடியில் உள்ள வேக்குவம் வால்வு வேலை செய்யவில்லை; ஆறும்போது கூலன்ட் ரிசர்வ் டேங்கிலிருந்து திரும்பி வர முடியவில்லை. மூடியை மாற்று.

சில கீழ் ஹோஸ்களுக்குள் சுருள் கம்பி எதற்கு? அது பம்ப் உறிஞ்சுகிற பக்கம். கம்பி ஹோஸைச் சப்பாமல் நிறுத்துகிறது.

ஆறிய வண்டியை ஸ்டார்ட் செய்த ஓரிரு நிமிடத்திலேயே ஹோஸ் கல் மாதிரி இறுகினால்? இன்னும் சூடே ஏறவில்லை, அழுத்தம் எங்கிருந்து வந்தது? ஹெட் கேஸ்கெட் வழியாக எரிந்த வாயு கூலன்ட்டுக்குள் வருகிறது என்று சந்தேகிக்க வேண்டும். இங்கே ஹோஸ் மாற்றிப் பயனில்லை.

வழியில் ஹோஸ் வெடித்தால்? முள் ஏறியதும் ஓரமாக நிறுத்து, எஞ்சினை அணை, ஆற விடு. வெடிப்பு முனையில் இருந்து, ஹோஸ் நீளமும் இடம் கொடுத்தால், அந்த முனையை வெட்டிவிட்டு மறுபடி மாட்டி, தண்ணீர் ஊற்றி, அருகிலுள்ள ஒர்க்‌ஷாப் வரை மெதுவாகப் போகலாம். கொதிக்கும் எஞ்சினில் பச்சைத் தண்ணீர் ஊற்றாதே, ஹெட் விரிசல் விடும்.

இன்றைய புதுக் கார்களில் கிளிப்புக்குப் பதில் கம்பி லாக் போட்ட பிளாஸ்டிக் இணைப்புகளும், காற்றை எடுக்கத் தனி ஸ்க்ரூவும் இருக்கலாம். அவற்றுக்கு மேனுவலைப் பார்த்தே கை வையுங்கள். மின்சாரக் கார்களில் பேட்டரியைக் குளிர்விக்கும் ஹோஸ்களைப் பயிற்சி இல்லாமல் தொடவே வேண்டாம்.

நண்பர்களே! கையில் கிரீஸ் படாத டிப்ளமோ, தண்ணீரில் இறங்காமல் படித்த நீச்சல். அடுத்த விடுமுறையில் வீட்டு வண்டியோ பக்கத்து வீட்டு மாமா வண்டியோ, அவரிடம் கேட்டுக்கொண்டு, பானட்டைத் திறங்கள். ஹோஸை அமுக்கிப் பாருங்கள். ஒழுகுவதற்கு முன்னாலேயே கண்டுபிடிப்பவன்தான் டெக்னீஷியன்!