ஸுகுத்ராத் தீவின் குருதிப்பிசின் மரமும் அதன் எதிர்காலமும்

யூனானி மருத்துவ நூல்களைப் புரட்டியோர்க்குத் 'தம்முல் அக்வைன்' என்னும் பெயர் புதிதன்று. குருதிப்போக்கை நிறுத்தவும் புண்களை ஆற்றவும் ஹகீம்கள் நெடுங்காலமாகப் பயன்படுத்தி வந்த மருந்துச் சரக்கு அது. 'இரு சகோதரர்களின் இரத்தம்' என்பது அவ்வரபுத் தொடரின் பொருள். பெயரில் இரத்தம் இருப்பினும் பொருள் ஒரு மரத்தின் செந்நிறப் பிசினேயாகும். இன்று இவ்வகைப் பிசின் என விற்கப்படுவதில் பெரும்பகுதி தென்கிழக்கு ஆசியாவின் பிரம்பினம் ஒன்றிலிருந்து பெறப்படுவதாகும். ஆயினும் பண்டைய வணிகர் நாடிச் சென்ற மூலமரம், யமன் நாட்டுக்குரிய ஸுகுத்ராத் தீவில் இன்றும் நிற்கிறது. உலகில் வேறெங்கும் அது இயற்கையாக வளர்வதில்லை. அம்மரத்தின் இன்றைய நிலை யாது, அதன் நாளைய நிலை யாதாகும் என்பதை இக்கட்டுரையில் நாம் காண்போம்.

பெயரும் வரலாறும்

அரபிக்கடல் இந்தியப் பெருங்கடலோடு கலக்குமிடத்தில், ஆப்பிரிக்காவின் கொம்புமுனைக்குக் கிழக்கே ஏறத்தாழ 240 கிலோமீட்டர் தொலைவில் ஸுகுத்ரா அமைந்துள்ளது. கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த 'பெரிப்ளூஸ்' எனும் கிரேக்க நூல், இத்தீவில் அரபியரும் இந்தியரும் கிரேக்கரும் வணிகத்தின் பொருட்டுக் குடியிருந்தமையைக் கூறுகிறது. மரங்களிலிருந்து துளித்துளியாகத் திரட்டப்படும் செந்நிறப் பொருளையும் அது குறிப்பிடுகிறது. இந்தியக் கடலோடிகள் இங்கு வந்து தங்கியதற்கு, ஹோக் குகையில் காணப்படும் பிராமி எழுத்துப் பொறிப்புகளே சான்று பகர்கின்றன.

பத்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த யமன் நாட்டு அறிஞர் அல்ஹம்தானீ, அரபுத் தீபகற்பத்தை வருணிக்கும் தம் நூலில் ஸுகுத்ராவைப் பற்றி எழுதுகையில், அங்குக் கிடைக்கும் கரியபோளத்தையும் இப்பிசினையும் சேர்த்தே சொல்கிறார். பதின்மூன்றாம் நூற்றாண்டின் மாபெரும் மருந்தியல் அறிஞரான இப்னுல் பைத்தாரும் தம் தொகுப்பு நூலில் இதற்கு இடமளித்துள்ளார். ஆதம் நபியின் மைந்தர்களான ஹாபீல், காபீல் ஆகியோரின் வரலாற்றோடு இப்பெயரை இணைக்கும் நாட்டார் கதையும் உண்டு. திருக்குர்ஆன் அவ்விருவரின் வரலாற்றைக் கூறுகிறதே தவிர, எந்த மரத்தையும் அதனோடு தொடர்புபடுத்தவில்லை என்பதை நாம் நினைவில் கொள்ளுதல் வேண்டும்.

ஸ்காட்லாந்துத் தாவரவியலார் ஐசக் பெய்லி பால்ஃபர் 1880 ஆம் ஆண்டில் இத்தீவுக்கு ஓர் ஆய்வுக்குழுவை அழைத்துச் சென்றார். இம்மரத்திற்கு இன்று வழங்கும் 'டிரசீனா சின்னபாரி' என்னும் அறிவியற் பெயரை இட்டவர் அவரே.

வறட்சியை வென்ற வடிவம்

தொலைவிலிருந்து நோக்குவார்க்கு இம்மரம் காற்றில் மேல்நோக்கிப் புரண்ட குடை போலத் தோன்றும். இவ்வடிவம் வெறும் விந்தையன்று; வாழும் வழியாகும். தீவின் உயர்ந்த சுண்ணாம்புப் பீடபூமிகளிலும் ஹஜ்ஹிர் மலைப்பகுதியிலும் மழை குறைவு. ஆயின் பருவக்காற்றுக் காலத்தில் மூடுபனி தவழ்ந்து வரும். கிளைநுனிகளில் வாள்போல் நிமிர்ந்து நிற்கும் தடித்த இலைகள் அம்மூடுபனியின் நுண்துளிகளைப் பிடித்து, இலையடி வழியாகக் கிளைக்கும், கிளைவழி மண்ணுக்கும் கடத்துகின்றன. நெருக்கமான குடைக்கவிகை தரும் நிழல் அந்த ஈரத்தை எளிதில் ஆவியாக விடுவதில்லை. இந்நிழலிலேயே இளநாற்றுகளும் பிழைத்து எழுகின்றன. ஆகவே ஒரு முதிய மரம் தன் தாகத்தைத் தணித்துக் கொள்வதோடு, தன்னடியில் முளைப்பவற்றையும் பேணுகிறது. மரங்கள் குறைந்தால் நிலம் பெறும் ஈரமும் குறையும். ஈரம் குறைந்தால் புதிய மரங்கள் முளைப்பதும் அரிதாகும்.

இம்மரத்தில் ஆண்டு வளையங்கள் இல்லாமையால், அடிமரத்தை அறுத்து வயதறிய இயலாது. பூத்த பின்னரே கிளைநுனி பிரிந்து புதிய கணுக்களை விடுகிறது. அக்கிளைப் பிரிவுகளின் அடுக்குகளை எண்ணியே ஆய்வாளர் வயதை மதிப்பிடுகின்றனர். அம்மதிப்பீட்டின்படி இம்மரங்கள் பல நூற்றாண்டு வாழ்வன.

எண்ணிக்கை கூறாத உண்மை

உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் செம்பட்டியல், அச்சுறுத்தலுக்கு உள்ளான உயிரினங்களை 'அழிவாய்ப்பு', 'அருகியது', 'மிக அருகியது' என மூன்று படிகளாகப் பகுக்கிறது. 2004 ஆம் ஆண்டு மதிப்பீட்டில் இம்மரம் முதற்படியான 'அழிவாய்ப்பு' நிலையில் வைக்கப்பட்டது. 2019 இல் வெளியான ஒரு கணக்கெடுப்பு, தீவில் ஏறத்தாழ 80,000 மரங்கள் நிற்பதாகக் கூறியது. எண்பதாயிரம் என்பது ஆறுதல் தரும் தொகையாகவே தோன்றும்.

ஆயின் அம்மரங்கள் எத்தகையன என்று வினவும்போதே உண்மை விளங்குகிறது. இவ்வினம் செறிந்து வளரும் பெருங்காடு ஃபிர்மிஹின் பீடபூமியில் உள்ளது. அங்கும் பிற பகுதிகளிலும் நிற்பவை பெரும்பாலும் முதியவை. செங்குத்தான பாறைச் சரிவுகளைப் போன்ற ஆடு எட்டாத இடங்கள் நீங்கலாக, இளமரங்களைக் காண்பது அரிது. முதியோர் மட்டுமே வாழும் ஊரில் தலைகளை எண்ணி அவ்வூர் செழிக்கிறது என்று கூற இயலுமா? நூற்றாண்டுகள் வாழும் மரத்தின் வீழ்ச்சி உடனே கண்ணுக்குப் புலப்படுவதில்லை. நிற்கும் மரங்கள் யாவும் ஏறத்தாழ ஒரே தலைமுறையினவாதலின், அவை சாயத் தொடங்கும்போது ஒருங்கே சாயும். அப்போது அவற்றின் இடத்தை நிரப்ப எதுவும் இராது.

தட்பவெப்ப மாற்றமும் இதனோடு சேர்கிறது. 2007 இல் வெளியான ஓர் ஆய்வு, இம்மரம் வளர்தற்கேற்ற நிலப்பரப்பில் ஏறத்தாழ 5 விழுக்காட்டில் மட்டுமே இன்று அது காணப்படுகிறது என்றும், வறட்சி மிகுவதால் 2080 ஆம் ஆண்டளவில் அந்நிலப்பரப்பே 45 விழுக்காடு சுருங்கக்கூடும் என்றும் கணித்தது. 2015 நவம்பரில் 'சபாலா', 'மேக்' என்னும் இரு புயல்கள் ஒரு வார இடைவெளிக்குள் தீவைத் தாக்கின. நூற்றாண்டுகளைக் கண்ட மரங்கள் ஆயிரக்கணக்கில் வேரோடு சாய்ந்தன. 2018 மே மாதத்தில் 'மெகுனு' புயலும் வந்தது.

ஆடும் மேய்ப்பரும்

நாற்று மரமாகாமைக்கு முதன்மைக் காரணம் ஆடுகளின் மேய்ச்சலே. ஆயின் மேய்ப்பரைக் குற்றவாளியாக்குதல் நீதியன்று. ஆடுகள் நூற்றாண்டுகளாக அங்கு உள்ளன, மரமும் இருந்தது. பருவத்திற்கேற்ப மந்தைகளை இடம் மாற்றுவதும், எந்த மேய்ச்சல் நிலம் எப்போது திறக்கப்படும் என்பதைக் குலத்தார் கூடி முடிவுசெய்வதும் அத்தீவின் வழக்கமாக இருந்தன. அவ்வொழுங்குகள் தளர்ந்து, வெளியிலிருந்து உணவு வரத்தொடங்கிய பின் மந்தைகளைக் கட்டுக்குள் வைத்திருந்த பஞ்சமும் வழக்கமும் ஒருங்கே வலுவிழந்தன.

மேய்ச்சல் நிலங்களைக் காக்கும் 'ஹிமா' என்னும் ஏற்பாடு அரபு மண்ணில் தொன்மையானது. இஸ்லாம் அதனைத் தலைவர்களின் தனியுரிமை என்ற நிலையிலிருந்து பொதுநன்மைக்குரியதாக மாற்றியது. கலீஃபா உமர் (ரலி) அவர்கள் தம் ஹிமாவின் பொறுப்பாளருக்கு இட்ட ஆணை ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது. சில ஆடுகளும் ஒட்டகங்களும் மட்டுமே உடைய எளியோரை உள்ளே விடுமாறும், செல்வந்தரான நபித்தோழர்களின் பெருமந்தைகளைத் தடுக்குமாறும் அவர் பணித்தார். செல்வரின் மந்தை அழியினும் அவர்க்குத் தோப்பும் வயலும் உண்டு; எளியவர்க்கோ வேறு வாழ்வில்லை என்பதே அதற்கு அவர் கூறிய காரணம். ஸுகுத்ராவின் மரத்தைக் காக்க விழைவோர் கருத்திற்கொள்ள வேண்டிய நெறி இது. வேலி எவருடைய ஆட்டைத் தடுக்கிறது என்னும் கேள்விக்கு விடை காணாமல் எழுப்பப்படும் வேலி நெடுநாள் நில்லாது.

இன்றைய முயற்சிகள்

காப்பு ஏற்பாடுகள் இல்லாமல் இல்லை. யமன் அரசு 2000 ஆம் ஆண்டில் தீவை மண்டலங்களாகப் பகுத்து ஆணை பிறப்பித்தது. 2003 இல் ஸுகுத்ரா உயிர்க்கோளக் காப்பகமாயிற்று. யுனெஸ்கோ 2008 இல் இத்தீவுக்கூட்டத்தை உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தது. இங்குள்ள 825 தாவர இனங்களுள் 37 விழுக்காடு வேறெங்கும் இல்லாதவை. ஆயின் 2014 இல் மூண்ட உள்நாட்டுப் போருக்குப் பின் யமனில் ஆணைகளைச் செயற்படுத்தும் ஆற்றல் பெரிதும் குன்றியது.

தீவு மக்களே நடத்தும் நாற்றுப்பண்ணைகளில் வேலிகளுக்குள் இளமரங்கள் வளர்கின்றன. அவை ஆண்டுக்கு இரண்டு அல்லது மூன்று சென்டிமீட்டரே உயர்கின்றன. இக்கணக்கில் ஒரு மீட்டர் உயர்வதற்கே முப்பதாண்டுகளுக்கு மேலாகும். ஐந்தாண்டுத் திட்டங்களும் தற்காலிக நிதியுதவிகளும் இம்மரத்தின் காலஅளவைக்குப் பொருந்துவனவல்ல. வேலியைப் பழுதுபார்க்கும் கை மூன்று தலைமுறைக்கு இருத்தல் வேண்டும். அதனை அளிக்கவல்லவர் அம்மண்ணில் நிலைத்து வாழும் மேய்ப்பர் குடும்பங்களே.

எனவே இம்மரத்தின் நிலையை அறிய விரும்புவோர் நிற்கும் மரங்களின் தொகையோடு நிறைவடைதல் ஆகாது. அவற்றின் நிழலில் எத்தனை நாற்றுகள் உயிரோடு உள்ளன என்று கேட்டல் வேண்டும். இன்று நிற்கும் முதிய மரங்கள் நிழலையும் ஈரத்தையும் இன்னும் வழங்கிக்கொண்டே இருக்கின்றன. அவை நிற்கும் காலம்தான் நாற்றுகளைக் காப்பதற்கு நமக்கு எஞ்சியுள்ள காலமுமாகும்.