சிறு விளக்கும் சீரான மின்னோட்டமும்

சென்னையிலிருந்து புறப்படும் பயணிகள் கப்பல், வங்கக் கடலில் ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் கடந்து, மூன்று நாட்கள் அளவில் ஹேடோ துறைமேடையை அடைகிறது. 2024ஆம் ஆண்டில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பெற்ற போர்ட் பிளேர் நகரின் ஒரு பகுதியே ஹேடோ. இங்கு வாழும் தமிழ்க் குடும்பத்தினர்க்கு அரிசியும் பருப்பும் மட்டுமன்றி மின்சாரமுங்கூடக் கப்பலில்தான் வருகிறது எனலாம். தீவுகளின் மின்சாரத்தில் பெரும்பகுதி, கப்பலில் வந்திறங்கும் டீசலை எரித்தே பெறப்படுகிறது. நெய்வேலி நிறுவனம் 2020இல் இங்கு நிறுவிய 20 மெகாவாட் சூரிய மின் நிலையம் பகற்பொழுதில் துணை நிற்கிறது. ஆயினும், மின்வெட்டு நேரும் மாலைகளில் படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு சிறு விளக்கு வேண்டும். அதனை ஆற்றல்மிகு எல்.இ.டி.களைக் கொண்டு வீட்டிலேயே செய்துகொள்ள விழையும் அன்பர்கள் பலர். அவர்கள் அறிய வேண்டுவனவற்றை ஈண்டு நாம் காண்போம்.

முதலில் தேர்வு. மின்னிழை பல்பு ஒரு வாட் மின்சாரத்துக்கு ஏறத்தாழ 12 லூமன் ஒளியே தரும், தரமான எல்.இ.டி. 100 லூமனுக்கு மேலும் தரும். ஆனால் மலிவுப் பொருள்களின் உறையில் அச்சிட்ட எண்ணை அப்படியே நம்புதல் தகாது. ஒளியளவு எந்த மின்னோட்டத்தில் அளக்கப்பெற்றது என்பதே கேட்க வேண்டிய கேள்வி. இரண்டு எல்.இ.டி.களை ஒப்பிட வேண்டுமாயின், இரண்டையும் ஒரே மின்னோட்டத்தில் எரித்து, வெண்சுவரில் விழும் ஒளியைப் பார்க்க வேண்டும். கண்ணால் நேரே நோக்குதல் கூடாது.

ஒளியின் அளவோடு தன்மையும் நோக்கத்தக்கது. நீல ஒளி தரும் எல்.இ.டி.யை 1990களில் ஆக்கித் தந்த ஜப்பானிய அறிஞர்களான அகசாகி, அமானோ, நகமுரா ஆகிய மூவரும் 2014இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்றனர். இன்றைய வெள்ளை எல்.இ.டி.களுள் பெரும்பாலானவை, அந்நீலச் சில்லின் மீது மஞ்சள் ஒளிர் பொருளைப் பூசியவையே. ஆகவே மலிவானவற்றில் செந்நிறக் கூறு குறைந்து காணப்படும். இதனைச் சோதிக்கக் கருவி வேண்டா. குங்குமத்தையும் மஞ்சளையும் ஒரு வெற்றிலையில் வைத்து விளக்கொளியில் பார்த்தால் போதும். குங்குமம் பழுப்பாகவும் இலை சாம்பலாகவும் தோன்றினால், அவ்விளக்கு வாசிப்புக்கு உவந்ததன்று.

இனி, பலரும் தவறும் இடத்துக்கு வருவோம். எல்.இ.டி. பழுதாவதற்குப் பெரிதும் காரணம் மின்னோட்டம் வரம்பு மீறுவதே. ஒரு வாட் வெள்ளை எல்.இ.டி.க்கு ஏறத்தாழ 3.2 வோல்ட் அழுத்தமும் 350 மில்லி ஆம்பியர் மின்னோட்டமும் வேண்டும். ஏரியின் நீர் கலிங்கை ஒரு விரற்கடை தாண்டினாலும் வெள்ளம் பெருக்கெடுப்பது போல, அழுத்தம் சற்றே கூடினும் மின்னோட்டம் வெகுவாக ஏறிவிடும். மேலும், எல்.இ.டி. சூடேறச் சூடேற அதற்கு வேண்டிய அழுத்தம் குறைகிறது. அழுத்தம் மாறாதிருப்பின் மின்னோட்டம் பின்னும் ஏறும். அதனால் சூடு இன்னும் மிகும். முடிவில் எல்.இ.டி. கருகும்.

ஓர் எடுத்துக்காட்டுக் காண்போம். 12 வோல்ட் பாட்டரியில் மூன்று எல்.இ.டி.களை வரிசையாக இணைத்தால் 9.6 வோல்ட் செலவாகும். எஞ்சும் 2.4 வோல்ட்டை ஏற்க 6.8 ஓம் அளவுள்ள, 2 வாட் தாங்கும் ரெசிஸ்டர் ஒன்று போதும் போலத் தோன்றும். ஆனால் மின்னேற்றத்தின்போது பாட்டரியின் அழுத்தம் 14.4 வோல்ட் வரை உயரும். அப்போது மின்னோட்டம் உரிய அளவைப் போல் ஒன்றரை மடங்கைத் தாண்டிவிடும். பாட்டரி 11 வோல்ட்டுக்குத் தளரும்போதோ விளக்கு மங்கும். ஆதலின் மின்னோட்டத்தை ஒரே அளவில் நிறுத்தும் 'டிரைவர்' என்னும் சிறு கருவியை இடையில் அமைப்பதே சிறந்தது. எல்.இ.டி.களுக்குச் செலவிடுவதோடு இதற்கும் சில ரூபாய் செலவிடல் நன்று. 7 ஆம்பியர்-மணி ஈயப் பாட்டரியை அரைப்பங்கு மட்டும் பயன்படுத்தினாலே இத்தகைய விளக்கு ஏறத்தாழப் பத்து மணி நேரம் எரியும்.

அடுத்தது வெப்பம். உட்செலுத்தும் மின்சாரத்தில் பாதிக்கு மேற்பட்ட பகுதி பெரும்பாலும் வெப்பமாகவே மாறுகிறது. ஆகவே எல்.இ.டி.யை வெப்பங் கடத்தும் பசை தடவி, அலுமினியத் தகட்டின்மீது அழுந்தப் பொருத்துதல் இன்றியமையாதது. பத்து நிமிடம் எரித்தபின் விளக்கை அணைத்துத் தகட்டைத் தொட்டுப் பாருங்கள். விரலை வைத்திருக்க இயலாத சூடு இருந்தால் தகடு போதாது. ஹேடோ போன்ற கடலோர ஊர்களில் உப்புக் காற்று செம்பையும் ஈயப் பற்றையும் அரிக்குமாதலின், இணைப்புகளின்மீது வார்னிஷ் பூசுவதும் நலம்.

இரண்டு எச்சரிக்கைகள். பாட்டரிக் கம்பியில், அதன் முனைக்கு அருகிலேயே ஃபியூஸ் ஒன்றை இடத் தவறலாகாது. வீட்டு மின்சாரத்தில் நேரே இணைக்கும் மலிவு டிரைவர்கள் பலவற்றில் வெளிமுனைகளிலும் உயிர்க்கொல்லி அழுத்தம் இருக்கக்கூடும்; பழகாதோர் பாட்டரியோடு நிற்றலே தகும்.

பெருநகரில் வாழ்வோர்க்குக் கருகிய எல்.இ.டி. சில ரூபாய் நட்டம். மாலையிலேயே மற்றொன்று வாங்கலாம். தீவில் வாழ்வோர்க்கோ அடுத்த சரக்கு வரும்வரை இருளே மிச்சம். ஆகவே விலை உயர்ந்த எல்.இ.டி.யை முறையின்றி எரிப்பதினும், எளியதொன்றை அதன் வரம்புக்குச் சற்றுக் குறைந்த மின்னோட்டத்தில் குளிர்ச்சியாக எரிப்பதே அறிவுடைமை. ஒளி சிறிது குறையினும், விளக்கு நெடுநாள் நிலைக்கும்.