கழகத்தின் கணக்கேடு

எண்ணையும் எழுத்தையும் மனிதனுக்கு இரு கண்களாகக் கருதினர் நம் முன்னோர். எழுத்து, நடந்ததை விரித்துரைக்கும்; எண், அதனைச் சுருக்கி நிலைநிறுத்தும். வாணிகத்துக்கும் வேளாண்மைக்கும் கணக்கு வேண்டும் என்பதை யாவரும் ஒப்புவர். ஆனால், விளையாட்டுக்கும் கணக்கேடு எதற்கு என்று சிலர் வினவக்கூடும். ஆட்டம் முடிந்தது, வென்றவர் மகிழ்ந்தனர், தோற்றவர் வருந்தினர், அத்துடன் அமையாதோ என்பது அவர்கள் எண்ணம். அவ்வெண்ணம் பொருந்தாது என்பதைக் கால்பந்துக் கழகம் ஒன்றன் கணக்கைக் கொண்டு காண்போம்.

நாம் எடுத்துக்கொள்ளும் கழகம் சென்னை சிட்டி என்பது. 2018-19 ஆம் ஆட்டப் பருவத்தில் அக்கழகம் ஐ-லீக் என்னும் இந்தியக் கால்பந்துப் போட்டியில் முதலிடம் பெற்றது. தமிழ்நாட்டுக் கழகம் ஒன்று அப்பட்டத்தை வென்றது அதுவே முதன்முறை. குமரி மாவட்டத்து மாணவர்களுக்கு இக்கழகம் அயலானதன்று. அதன் காரணத்தைப் பின்னர்க் காண்போம்.

அப்போட்டியில் 11 கழகங்கள் கலந்துகொண்டன. ஒவ்வொரு கழகமும் மற்றக் கழகங்களுடன் இருமுறை மோத வேண்டும். ஆகவே, ஒரு கழகத்துக்கு 20 ஆட்டங்கள். வெற்றிக்கு 3 புள்ளி. சமநிலைக்கு 1 புள்ளி. தோல்விக்குப் புள்ளி இல்லை. சென்னை சிட்டி 13 ஆட்டங்களில் வென்று, 4 ஆட்டங்களைச் சமன் செய்து, 3 ஆட்டங்களில் தோற்று, 43 புள்ளிகள் பெற்றது. இரண்டாமிடம் பெற்ற கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் கழகமும் 13 ஆட்டங்களில் வென்றது. ஆனால், அது சமன் செய்தவை 3, தோற்றவை 4. ஆதலின், அதன் புள்ளிகள் 42.

மாணவர்களே, இவ்விரு வரிகளையும் அடுத்தடுத்து எழுதிப் பாருங்கள். வெற்றியின் எண்ணிக்கையில் இரு கழகங்களுக்கும் வேறுபாடே இல்லை. ஒன்று தோற்ற இடத்தில் மற்றொன்று தோற்காமல் நின்றது, அவ்வளவே. சென்னை சிட்டி சமன் செய்த நான்கு ஆட்டங்களுள் ஒன்று தோல்வியில் முடிந்திருந்தால், இரு கழகங்களும் 42 புள்ளிகளுடன் ஒப்ப நின்றிருக்கும். வெற்றி பெறாத நாளிலும் தோல்வியைத் தடுத்து நின்ற உழைப்புக்கு என்ன மதிப்பு என்பதை, நீண்டதொரு சொற்பொழிவைவிட இந்த ஒரு புள்ளி நன்கு விளக்குகிறது.

அந்தப் புள்ளியும் எளிதில் கிட்டவில்லை. 2019 மார்ச் 9 அன்று இறுதி ஆட்டங்கள் நடைபெற்றன. அன்று காலையில் சென்னை சிட்டியிடம் 40 புள்ளிகளும் ஈஸ்ட் பெங்காலிடம் 39 புள்ளிகளும் இருந்தன. கோயம்புத்தூர் நேரு விளையாட்டரங்கில் சென்னை சிட்டி, முந்தைய ஆண்டின் பட்டத்தை வென்ற மினர்வா பஞ்சாப் கழகத்தை எதிர்த்தது. ஆட்டம் தொடங்கிய சில நிமிடங்களிலேயே மினர்வா ஒரு கோல் அடித்து முந்திக்கொண்டது. முதற்பாதி அந்நிலையிலேயே முடிந்தது. இரண்டாம் பாதியில் பெட்ரோ மான்சி பெனால்டி உதையால் சமன் செய்தார். பின்னர், கௌரவ் போரா இரண்டு கோல்கள் அடித்தார். சென்னை சிட்டி 3-1 என வென்றது. அதே நாளில் கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்காலும் 2-1 என வென்றுவிட்டது. கோயம்புத்தூர் ஆட்டம் சமநிலையில் முடிந்திருந்தாலும் பட்டம் கொல்கத்தாவுக்குச் சென்றிருக்கும்.

இனி, கணக்கைப் படிக்கும் முறையைக் காண்போம். எண்ணைத் தனியே நிறுத்திப் பார்த்தல் தகாது என்பது முதல் விதி. நாஞ்சில் நாட்டு வேளாளரிடம் சென்று, “பக்கத்து வயலில் நூறு கோட்டை நெல் விளைந்ததாம்” என்று கூறுங்கள். அவர் உடனே வியந்துவிட மாட்டார். “எத்தனை கோட்டை விதைப்பாட்டில்?” என்று கேட்பார். விளைவை நிலத்தின் அளவோடு ஒப்பிட்டே அவர் மதிப்பிடுவார். கோல்களையும் அவ்வாறே ஆட்டங்களின் எண்ணிக்கையோடு ஒப்பிட வேண்டும்.

இதனை விளக்கக் கடல் கடந்து, இத்தாலி நாட்டின் தூரின் நகருக்குச் செல்வோம். அந்நகரத்துத் தொரினோ கழகம் 1947-48 இல் 125 கோல்கள் அடித்தது. சென்னை சிட்டி 2018-19 இல் அடித்தவை 48. 125 எங்கே, 48 எங்கே என்று தோன்றும். ஆனால், தொரினோ ஆடியது 40 ஆட்டங்கள். சென்னை சிட்டி ஆடியது 20. வகுத்துப் பார்த்தால் முன்னது ஆட்டம் ஒன்றுக்கு மூன்றுக்குச் சற்று மேல், பின்னது 2.4. வேறுபாடு உண்டு, எனினும், முதலில் தோன்றிய அளவு பெரிதன்று.

விதிகளையும் அறிந்து படிக்க வேண்டும் என்பது இரண்டாம் விதி. அவ்வாண்டில் தொரினோ 29 ஆட்டங்களில் வென்று, 7 ஆட்டங்களைச் சமன் செய்து, 4 ஆட்டங்களில் தோற்றது. அதன் புள்ளிகள் 65. அக்காலத்தில் வெற்றிக்கு இரண்டு புள்ளிகளே வழங்கப்பட்டன. இக்கால முறைப்படி கணக்கிட்டால் அவை 94 ஆகும். கழகம் ஒன்றே, ஆட்டங்களும் அவையே, அளவுகோல் மாறியதால் எண் மாறிவிட்டது. ஆதலின், வெவ்வேறு காலத்துப் புள்ளிகளை அப்படியே ஒப்பிட்டு உயர்வு தாழ்வு பேசுதல் முறையன்று.

எண்ணுக்குப் பின்னால் நிற்கும் மனிதரை மறவாதிருத்தல் மூன்றாம் விதி. இதுவே தலையாயது. தொரினோவின் 1948-49 ஆம் ஆண்டுக் கணக்கின் இறுதியில் நான்கு வெற்றிகள் தொடர்ந்து காணப்படுகின்றன. வல்லமை மிக்க அணி வழக்கம்போல் வென்றது என்றே அதனைப் படிப்பவர் கருதுவர். நடந்ததோ வேறு. 1949 மே 4 அன்று, லிஸ்பன் நகரில் நட்பாட்டம் ஒன்றில் ஆடிவிட்டுத் திரும்பிய அவ்வணியின் விமானம், தூரினை அடுத்த சூப்பெர்கா குன்றின்மீது மோதி நொறுங்கியது. ஆட்டக்காரர் 18 பேர் உட்பட 31 பேர் உயிரிழந்தனர். எஞ்சிய நான்கு ஆட்டங்களிலும் தொரினோவின் இளைஞர் அணியே களம் இறங்கியது. எதிர்க்கழகங்களும் தத்தம் முதல் அணியை நிறுத்திவிட்டு இளைஞர்களையே அனுப்பின. துயரத்திலும் பண்பு குன்றாத அச்செயலைப் புள்ளிப் பட்டியல் கூறுவதில்லை. நான்கு வெற்றி என்று மட்டுமே அது கூறும். அவ்வெற்றிகளைப் பெற்றவர் யார், எந்நிலையில் பெற்றனர் என்பதை எழுத்தே நமக்கு அறிவிக்கிறது.

மீண்டும் நம் மாவட்டத்துக்கு வருவோம். 2017-18 ஆம் ஆண்டுப் பட்டியலில் சென்னை சிட்டி பத்துக் கழகங்களுள் எட்டாமிடத்தில் இருந்தது. எட்டு என்னும் அவ்வெண்ணைக் கண்டு, பொருட்படுத்தத் தகாத அணி என்று ஒருவர் ஏட்டை மூடிவிடலாம். ஆனால், அவ்வணியில் மைக்கேல் சூசைராஜ் என்னும் இளைஞர் ஆடினார். குமரி மாவட்டத்தின் மேற்குக் கடற்கரையில் உள்ள இரவிபுத்தன்துறை அவர் ஊர். 2018 இல் ஜாம்ஷெட்பூர் கழகம் அவரைச் சேர்த்துக்கொண்டது. பின்னர், கொல்கத்தாவின் ஏ.டி.கே. கழகத்தில் இடம்பெற்று, 2019-20 இல் இந்தியன் சூப்பர் லீக் பட்டம் வென்ற அணியில் அவர் ஒருவரானார். அவருடைய உடன்பிறந்தாராகிய மைக்கேல் ரெஜினும் சென்னை சிட்டிக்காக ஆடியவரே.

இரவிபுத்தன்துறை தனித்த ஊரன்று. நீரோடி, மார்த்தாண்டன்துறை, வள்ளவிளை, சின்னத்துறை, தூத்தூர், பூத்துறை என அக்கரையில் மீனவர் ஊர்கள் வரிசையாக அமைந்துள்ளன. ஆழ்கடலில் பல நாள் தங்கி மீன்பிடிக்கும் வன்மை உடையவர் அவ்வூரினர். கரையில் இருக்கும் காலத்தில் கால்பந்தே அவர்தம் பெருவிருப்பம். சந்தோஷ் கோப்பைக்காக ஆடிய தமிழ்நாட்டு அணிகளில் இக்கரையின் இளைஞர் பலர் இடம்பெற்றுள்ளனர். எனினும், எந்தப் புள்ளிப் பட்டியலிலும் இவ்வூர்களின் பெயர் இல்லை. பட்டியலில் கழகத்தின் பெயர் நிற்கும். ஆட்டக்காரரின் பெயரும் ஓரோவழி நிற்கும். அவரை ஆளாக்கிய மணற்பரப்பின் பெயர் நிற்பதில்லை. ஊர்தோறும் நடைபெறும் போட்டிகளின் முடிவுகளோ பெரும்பாலும் முதியோர் நினைவிலேயே தங்கிவிடுகின்றன. அம்முதியோர் மறைந்தால் அவையும் அவர்களோடு மறையும்.

கழகங்களும் நிலையானவை அல்ல. 2020-21 ஆம் பருவத்துக்குப் பின் சென்னை சிட்டி ஐ-லீகில் இடம்பெறவில்லை. எனினும், 13 வெற்றி, 4 சமன், 3 தோல்வி, 43 புள்ளி என்னும் கணக்கை இனி எவராலும் மாற்ற இயலாது. ஆடிய கால்கள் ஓய்ந்தாலும், ஆரவாரித்த அரங்கம் அடங்கினாலும், எழுதி வைத்த கணக்கு நிலைத்து நிற்கும்.

ஆதலின் மாணவர்களே, உங்கள் பள்ளியிலோ ஊரிலோ ஆட்டம் நடைபெறும்போது ஒரு குறிப்பேட்டைக் கையில் எடுங்கள். நாள், இடம், எதிரணி, ஆடியவர் பெயர்கள், கோல் அடித்தவர், அடித்த நிமிடம், முடிவு ஆகியவற்றைப் பிழையின்றி எழுதுங்கள். தோல்வியை மறைக்காதீர்கள், வெற்றியை மிகைப்படுத்தாதீர்கள். தோல்வியை ஒளித்த ஏடு, வெற்றியைச் சொல்லும்போதும் நம்பப்படாது. ஆடுகின்றவர் அன்றைய பெருமையைத் தேடித் தருகின்றனர்; உண்மையாக எழுதுகின்றவர் அதனை அடுத்த தலைமுறைக்கு வழங்குகின்றனர். களத்தில் இறங்க இயலாத மாணவனும் தன் ஊருக்கு ஆற்றக்கூடிய தொண்டு இது.