குடிக்கணக்கும் ஊர் நலனும்

'சென்சஸ்' என்று இன்று வழங்கும் பணிக்குத் தமிழில் 'குடிமதிப்பு' என்றொரு பெயரும் உண்டு. மதிப்பு என்னும் சொல் அளவிடுதலைக் குறிக்கும். பெருமை செய்தலையும் குறிக்கும். ஒருவரைக் கணக்கில் சேர்ப்பது அவரை மதிப்பதன் முதற்படி என்னும் கருத்து இச்சொல்லுக்குள்ளேயே அமைந்துள்ளது. கணக்கில் விடுபட்டவர் உதவியிலும் விடுபடுகிறார் என்பது நாம் ஊர்தோறும் காணும் உண்மை. ஒரு மஹல்லாவின் குடிக்கணக்கை எடுப்பது ஒரு வேலை. எடுத்த கணக்கைப் பழையதாகிவிடாமல் காப்பது அதனினும் பெரிய வேலை. இரண்டாவதையே இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

அரசுக் கணக்கும் அதன் எல்லையும்

இந்தியாவில் 1872-இல் தொடங்கிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 1881 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை தவறாமல் நடந்து வந்தது. 2011-ஆம் ஆண்டுக் கணக்கின்படி தமிழ்நாட்டு மக்கள்தொகை 7,21,47,030; அவருள் முஸ்லிம்கள் 42,29,479 பேர். 2021-இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு கொரோனாத் தொற்றினால் தள்ளிப்போயிற்று. அடுத்த கணக்கெடுப்புக்கு 2027 மார்ச்சு 1-ஆம் நாள் அடிப்படை நாளாக அமையும் என 2025 சூன் மாதத்தில் அறிவிக்கப்பட்டது. 2011 மார்ச்சு 2-ஆம் நாள் பிறந்த குழந்தையை எண்ணிப் பாருங்கள். அக்குழந்தை முதன்முறையாகக் கணக்கில் ஏறும்போது பதினாறாம் பிறந்தநாளுக்கு ஒருநாளே எஞ்சியிருக்கும். தொடக்கப்பள்ளியையும் நடுநிலைப்பள்ளியையும் அது எண்ணப்படாமலேயே கடந்திருக்கும்.

காலத்தாழ்வு இல்லையாயினும், அரசுக் கணக்கு நம் ஊர்த் தேவைக்கு முழுமையாகப் போதாது. 1948-ஆம் ஆண்டின் கணக்கெடுப்புச் சட்டப்படி தனிமனிதர் தரும் விவரங்கள் மறைத்துக் காக்கப்பட வேண்டியவை. ஆகவே ஒரு பகுதியில் எழுத்தறியாதோர் எத்தனை பேர் என்பதை அக்கணக்கு கூறும். அவர்கள் எந்த வீட்டில் உள்ளனர் என்பதைக் கூறாது. வீட்டை அறிந்து உதவ வேண்டிய பொறுப்பு ஊராருடையது.

தலைக்கட்டுப் பட்டியல் போதுமா?

"எங்கள் ஜமாஅத்தில் பட்டியல் இருக்கிறதே" என்று பெரியவர்கள் கூறக்கூடும். உண்மைதான். ஆனால் பல ஊர்களில் உள்ளது தலைக்கட்டுப் பட்டியல். சந்தா அல்லது ஊர்வரி வாங்குவதற்காகத் திருமணமான ஆண்மகனை ஒரு தலைக்கட்டாகக் கொண்டு எழுதப்பட்டது அது. கொடுப்பவரைக் கண்டறியப் பிறந்த பட்டியல், பெறவேண்டியவரைக் காட்டுவதில்லை. கணவனை இழந்த பெண், தாய்வீடு திரும்பிய பெண், பெற்றோரற்ற பிள்ளை, வாடகைக்குக் குடிவந்த குடும்பம் ஆகியோர் பெரும்பாலும் அதன் விளிம்புக்கு வெளியே நிற்கின்றனர். ஜகாத்தும் பைத்துல்மால் உதவியும் முதலில் சென்றடைய வேண்டியவர்களும் இவர்களே.

இரண்டாம் கலீஃபா உமர் (ரலி) அவர்களின் ஆட்சிக்காலத்தில் (கி.பி. 634–644) 'திவான்' என்னும் பதிவேடு நிறுவப்பட்டதையும், அதில் எழுதப்பட்டோருக்கு உதவித்தொகை வழங்கப்பட்டதையும் வரலாற்றில் படிக்கிறோம். வழங்குவதற்காகவே பெயர்களை எழுதும் மரபு நமக்குப் புதிதன்று.

கணக்கு எவ்வாறு பழையதாகிறது?

ஆர்வமுள்ள இளைஞர்கள் ஒரு விடுமுறையில் வீடுவீடாகச் சென்று படிவம் நிரப்புகின்றனர். படிவங்கள் பீரோவில் அடுக்கப்படுகின்றன. மறுவாரமே ஒரு குழந்தை பிறக்கிறது. ஒரு முதியவர் மறைகிறார். ஒரு மகள் மணமாகி வேற்றூர் செல்கிறாள். ஒருவர் வளைகுடாவுக்கு விமானம் ஏறுகிறார். மூன்றாண்டு கழித்துப் படிவத்தைத் திறந்தால் மறைந்தவர் பெயர் இருக்கும். பிறந்தவர் பெயர் இராது.

இதற்கு மருந்து ஊரிலேயே உள்ளது. ஜமாஅத்தில் நிக்காஹ் தஃப்தர் இருக்கிறது. பல ஊர்களில் மையவாடியில் அடக்கம் செய்யப்பட்டோரின் பதிவும் உண்டு. மக்தப் மதரஸாவில் பிள்ளைகளின் வருகைப் பதிவேடு இருக்கிறது. இவை ஒவ்வொன்றும் ஊரில் நேரும் மாற்றத்தை அன்றன்றே எழுதுகின்றன. ஆனால் இவை குடும்பப் பட்டியலோடு இணைக்கப்படுவதில்லை. நிக்காஹ் எழுதப்படும் அன்றே மணமகளின் பெயரை ஒரு வீட்டு ஏட்டிலிருந்து மற்றொரு வீட்டு ஏட்டுக்கு மாற்ற வேண்டும். ஜனாஸா அடக்கத்தைக் குறிக்கும்போதே வீட்டு ஏட்டிலும் குறிக்க வேண்டும். இவ்வாறு செய்தால் மீண்டும் மீண்டும் முழுக் கணக்கெடுப்பு நடத்தும் தேவை பெரிதும் குறையும்.

பிறப்பைப் பதியும்போது மற்றொரு பயனும் உண்டு. 1969-ஆம் ஆண்டுச் சட்டப்படி பிறப்பு, இறப்பு இரண்டையும் 21 நாள்களுக்குள் அரசிடம் தெரிவிக்க வேண்டும். 2023 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, அந்நாள் முதல் பிறந்தோருக்குப் பள்ளிச் சேர்க்கை முதலியவற்றில் பிறப்புச் சான்றிதழே பிறந்த நாளுக்குரிய சான்றாகும். சான்றிதழ் வாங்கியாயிற்றா என்று கேட்டுக் குறித்துக்கொள்வது, அக்குழந்தைக்குச் செய்யும் முதல் உதவியாகும்.

எழுத வேண்டியவை

வினாக்கள் சிலவே இருத்தல் நன்று. ஒவ்வொரு வீட்டுக்கும் மாறாத ஓர் எண் வேண்டும். வயதை எழுதுவதற்கு மாறாகப் பிறந்த தேதியை எழுத வேண்டும். வயது ஆண்டுதோறும் பொய்யாகும், தேதி பொய்யாகாது. வகுப்பை எழுதும்போது கல்வியாண்டையும் சேர்த்து எழுத வேண்டும். ஊரில் வாழ்வோரையும் வெளியூர், வெளிநாட்டில் பணிபுரிவோரையும் தனித்தனிப் பத்தியில் காட்ட வேண்டும். ஒவ்வொரு ஏட்டின் தலைப்பிலும் அது இறுதியாகச் சரிபார்க்கப்பட்ட நாள் இருக்க வேண்டும். நாள் இல்லாத கணக்கை நம்பி முடிவெடுத்தல் ஆகாது.

அன்றாடப் பதிவில் தப்பியவற்றைப் பிடிக்க ஆண்டுக்கு இருமுறை சரிபார்த்தல் போதும். பள்ளி திறக்கும் சூன் மாதத்தில் ஒருமுறை. ரமளானுக்கு முந்திய ஷஃபான் மாதத்தில் ஒருமுறை. முன்னது கல்வி உதவிக்கும், பின்னது ஜகாத் பங்கீட்டுக்கும் துணையாகும். இல்லத்துப் பெண்களிடம் உரையாடிக் கேட்கப் பெண் தொண்டர்கள் இன்றியமையாதவர்.

முடிவெடுக்க உதவும் கணக்கு

கணக்கு நிருவாகக் கூட்டத்தின் மேசைக்கு வராவிட்டால் பயனில்லை. எட்டாம் வகுப்பு முடிக்கும் மாணவியர் எத்தனை பேர், அவர்களுள் ஒன்பதாம் வகுப்பில் சேராதோர் எவர் என்னும் இரு வினாக்களுக்கு விடை தெரிந்தால், தேவைப்படுவது கட்டண உதவியா, வாகன வசதியா, பெற்றோரிடம் பேசுவதா என்பது விளங்கும். தனித்து வாழும் முதியோரின் பட்டியல் இருந்தால் ஓய்வூதிய விண்ணப்பத்துக்கு யாரை அழைத்துச் செல்வது என்பது தெரியும். சனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 முதலிய நாள்களில் கூடும் கிராம சபையில், "எங்கள் தெருவில் பலருக்குக் குடிநீர் இல்லை" என்பதைவிட "இத்தனை வீடுகளுக்கு இணைப்பு இல்லை" என்பதே வலுவான சொல். அத்தெருவில் வாழும் பிற சமயத்தாரின் வீடுகளையும் சேர்த்துச் சொல்வது நேர்மையும் ஆகும். கோரிக்கைக்கு வலிமையும் ஆகும்.

கணக்கும் அமானிதமே

ஒரு குடும்பத்தின் கடனும் நோயும் வறுமையும் நம்பிக்கையோடு சொல்லப்படுபவை. அவை தேநீர்க் கடைப் பேச்சாகிவிட்டால் அடுத்த முறை கதவு திறக்காது. அரசே சட்டமிட்டுக் காக்கும் மறைபொருளை ஊரார் காக்காதிருத்தல் தகுமா? தொகைகளை அனைவரும் அறியலாம். பெயர்களைப் பொறுப்பாளர் இருவர் மூவர் மட்டுமே காண வேண்டும். கணினியில் ஏற்றினால் கடவுச்சொல் வேண்டும். கைப்பேசிக் குழுக்களில் பட்டியலைப் பரப்புதல் கூடவே கூடாது. தம் வீட்டு ஏட்டைப் பார்த்துத் திருத்தும் உரிமை ஒவ்வொரு குடும்பத்துக்கும் வேண்டும்.

மாணவர்களே! இப்பணிக்குப் பெரும் பொருள் வேண்டியதில்லை. ஒரு தெரு, ஓர் ஏடு, மாதத்தில் ஒரு மாலைப்பொழுது போதும். வரும் விடுமுறையில் உங்கள் ஊர்த் தலைக்கட்டுப் பட்டியலை முத்தவல்லியிடம் கேட்டுப் பாருங்கள். அதில் பெயரில்லாதவர் யார் என்று தேடுங்கள். கிடைக்கும் முதற்பெயரிலிருந்து உங்கள் ஊரின் புதிய கணக்கு தொடங்கட்டும்.